மூன்றாவது பெயர்

ஹால் சுவரில் பழைய டெலிபோன் பெட்டி இன்னும் இருக்கிறது. தீப்பெட்டி அளவுக்கு, வெள்ளையாக இருந்து பழுப்பேறிப் போனது. போன மாதம் அலாரம் மாட்ட வந்தவர் துளை போடும் மெஷினைக் கையில் பிடித்தபடி அதைக் காட்டிக் கேட்டார். "இந்த லைனுக்கு உயிர் இருக்காம்மா?"

"இல்லய்யா, வெள்ளத்தோட போச்சு" என்றேன். ஏங்க, தெருவுக்கடியில் ஓடிய கேபிள் உப்பும் சேறும் தின்று செத்தபோது நீங்கள் இருந்தீர்கள். எக்ஸ்சேஞ்சுக்கு நடையாய் நடந்தீர்கள். இனிமேல் அந்த மாதிரி லைன் கிடையாது என்று அவர்கள் கையை விரித்ததும், பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர் போல இரண்டு நாள் கிடந்தீர்கள். அதற்குப் பின் நீங்களும் அதிக நாள் இருக்கவில்லை.

அந்தப் போனில் நீங்கள் பேசுவதே ஒரு காட்சி. துறைமுகத்துக் கிளியரிங் ஆபீஸிலிருந்து மணி அடித்தால் உட்கார்ந்து பேச மாட்டீர்கள். எழுந்து நின்று, வேட்டியை இறுக்கிக்கொண்டு, தெருமுனை வரை கேட்கிற குரலில் கப்பல் எப்போது வரும், சரக்கு எப்போது இறங்கும் என்று கத்துவீர்கள். "இப்படிக் கத்துறதுக்குப் போன் எதுக்கு? மாடியில நின்னு கூப்பிட்டாலே கப்பல்காரனுக்குக் கேக்குமே" என்பேன். "ஏளா, மெல்லப் பேசுனா சரக்கு நாளைக்குத்தான் இறங்கும்" என்பீர்கள். அந்தக் குரல் இருந்தவரை இந்த வீட்டுக்கு நாயும் வேண்டியிருக்கவில்லை, அலாரமும் வேண்டியிருக்கவில்லை.

ஒரு நாள் காலையில் பின்வாசலைப் பெருக்கப் போனவள், கிரில் கதவின் பூட்டுக் கொக்கி பாதி அறுபட்டிருப்பதைப் பார்த்தேன். கீழே இரும்புத்தூள் சிந்திக் கிடந்தது. யாரோ ரம்பம் வைத்து அறுத்திருக்கிறான். எதற்கோ பயந்து பாதியில் போயிருக்கிறான். நான் அடுத்த அறையில் மின்விசிறியைச் சுழலவிட்டுத் தூங்கியிருக்கிறேன். அதை நினைத்து நினைத்து அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பின்தெருவில் சாகுபுரத்துக்கு வேலைக்குப் போகிறவர் குடும்பம் சாத்தான்குளத்துக்குக் கல்யாணத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் அவர்கள் வீட்டைத் துடைத்துவிட்டுப் போனதும் அதே வாரம்தான்.

சென்னையிலிருந்து மகள் ஒரே பிடியாய் நின்றாள். "எம்மா, ஒண்ணு அலாரம் வைங்க. இல்லேன்னா வீட்டப் பூட்டிட்டு இங்க வந்துருங்க. ரெண்டுல ஒண்ணு." அவளுடைய அடுக்குமாடிக் குடியிருப்பில் நான் பத்து நாள் இருந்து பார்த்தவள்தான். நல்ல பிள்ளை, நல்ல மருமகன், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உங்களோடு வாழ்ந்த வீட்டை ஒரு ரம்பக்காரனுக்குப் பயந்து விட்டுப் போவதற்கு மனம் வரவில்லை. அலாரமே வைக்கிறேன் என்றேன்.

நீங்கள் இருந்திருந்தால் அலாரம் கம்பெனிக்காரரை உட்காரவைத்து ஒரு பிடி பிடித்திருப்பீர்கள். நானும் விடவில்லை. சும்மா கூவிவிட்டு ஓய்கிற அலாரம் ஒன்று இருக்கிறதாம். அது கூவினால் தெருவில் எவன் எட்டிப் பார்க்கிறான்? மற்றது கோயம்புத்தூரில் ஒரு கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்லுமாம். அங்கே ராப்பகலாய் ஆட்கள் முழித்திருந்து நமக்குப் போன் செய்வார்களாம். முன்பெல்லாம் அது டெலிபோன் லைன் வழியாகத்தான் போகும் என்றார். அதற்கு வழியில்லை. இன்டர்நெட் வழியாக ஒன்று உண்டு, ஆனால் கரண்ட் போனால் மோடமும் போய்விடும். கடைசியாக, பெட்டிக்குள்ளேயே சிம் போட்டது. சொந்த பேட்டரி, இரண்டு கம்பெனி சிம், ஒன்று செத்தால் மற்றது பேசும்.

"வெள்ளத்துல ரெண்டு கம்பெனி டவரும்லா படுத்துச்சு?" என்றேன்.

"வெள்ளத்துல திருடன் வருவானாம்மா?" என்று சிரித்தார்.

"திருடன் வரமாட்டான். நான் வழுக்கி விழுவேன்லா?"

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, கழுத்தில் மாட்டிக்கொள்கிற அவசர பட்டன் ஒன்றை எடுத்துக் காட்டினார். டவர் படுத்தால் அதுவும் படுத்துவிடும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். அதனாலேயே அவரை நம்பினேன். பெட்டியைப் படுக்கையறை அலமாரி மேல் வைக்கலாம், அங்கேதான் சிக்னல் நன்றாக இருக்கிறது என்றார். திருடன் வந்ததும் முதலில் போகிற இடமே அலமாரிதானே ஐயா என்றேன். கடைசியில் ஸ்டோர் ரூமில், அரிசி டிரம்முக்கு மேலே இடம் பிடித்தோம். வெளியே இருக்கிற சைரன் உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்காதா என்றும் கேட்டுக்கொண்டேன். பிளாஸ்டிக் மூடி போட்டுத் தந்தார்.

இதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் போனது. அதன் பிறகு அவர் பேர் கேட்டார். அலாரம் அடித்தால் முதலில் எனக்குப் போன் வரும். நான் எடுக்காவிட்டால் மகளுக்கு. மூன்றாவதாக, ஐந்து நிமிடத்துக்குள் வந்து சேரக்கூடிய ஒருவர் வேண்டும். வீட்டுச் சாவி அவரிடம் இருக்க வேண்டும்.

தெருவை மனதுக்குள் ஒரு தடவை நடந்து பார்த்தேன். எதிர்வீட்டில் துறைமுகத்துக் கான்ட்ராக்ட் ஆட்கள், மாதத்துக்கு ஒரு முகம். அதற்கடுத்தது பூட்டின வீடு. சபைக் குருவானவர் வீடு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். ஐந்து நிமிடத்தில் வரக்கூடியவர் ஒரே ஒருவர்தான். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற உங்கள் தம்பி.

"யாரும் இல்லியா?" என்றார் கம்பெனிக்காரர்.

"இல்ல" என்றேன். அப்படிச் சொல்லும்போது உங்கள் மேல் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, நீங்கள் முன்னால் நின்றிருந்தால் தெரிந்திருக்கும்.

முன்பு உங்கள் தம்பி தன் வீட்டை இடித்துக் கட்டினார். கட்டும்போது மனையைச் சரள் மண் அடித்து இடுப்பளவுக்கு உயர்த்தினார். அந்த ஐப்பசியிலேயே அவர் வாசல் தண்ணீரெல்லாம் நம் வீட்டுக்குள் வந்தது. மெத்தை நனைந்தது, பீரோவின் கால் ஊறியது. ஓர் ஓடை வெட்டி விடு என்று நீங்கள் கேட்கப் போனீர்கள். "நீங்களும் உயத்திக்கிடுங்க அண்ணே" என்று அவர் சொல்லிவிட்டார். அவர் வெடுக்கென்று சொன்னாரா, சாதாரணமாகச் சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நீங்கள் வந்து நம் கேட்டை அறைந்து சாத்திவிட்டுத் தெருவே கேட்கச் சொன்னீர்கள்: "நான் மண்ணுக்குள்ள போனாலும் நீ இந்தக் கேட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது பாத்துக்கோ." மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா என்று எங்கள் அம்மா சொல்வாள். மாப்பிள்ளை பார்க்கும்போது அதை யோசித்திருக்கலாம்.

அதற்குப் பிறகு எத்தனை கிறிஸ்துமஸ் வந்தது, போனது. ஒரே கோயிலில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து ஒரே பாட்டைப் பாடிவிட்டு, வெளியே வந்ததும் ஆளுக்கொரு வழியாக நடந்தீர்கள். அந்தப் பெருவெள்ளத்தில் நாம் மொட்டை மாடியில் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தோமே, அப்போது தூக்குவாளியில் சோறும் மீன்குழம்பும் வந்ததே. சபைக்காரர்கள் படகில் கொண்டுவந்தது என்று சொல்லித்தானே உங்களுக்குப் போட்டேன்? "சபைச் சாப்பாட்டுல புளி கொஞ்சம் கூட" என்று சொல்லிக்கொண்டே வழித்துச் சாப்பிட்டீர்கள். அது உங்கள் தம்பி வீட்டு அடுப்பில் வெந்தது. கம்பில் கோத்து, சுவருக்கு மேலே நீட்டியது என் ஓரகத்தி. நீங்கள் ஆண்கள் வாயை மூடிக்கொண்டால் நாங்கள் பெண்களும் மூடிக்கொள்ள முடியுமா?

உங்கள் அடக்கத்துக்கு அவர் கோயிலுக்கு வந்தார், கல்லறைத் தோட்டத்துக்கும் வந்து மண் போட்டார். வீட்டுக்கு வரவில்லை. சவப்பெட்டியை எடுக்கும்போது கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றார். கூடப் பிறந்தவன் செத்துக் கிடக்கிறான், இன்னுமா இந்த வீம்பு என்று எனக்கு வயிறு எரிந்தது. அன்றைக்கு அவரைப் பார்க்காத மாதிரியே வண்டியில் ஏறினேன்.

ஆக, இரண்டு பெயர்களோடு அலாரத்தை மாட்டிவிட்டுப் போனார்கள். பயம் போகும் என்று நினைத்தேன். போகவில்லை. முன்பு சத்தம் கேட்டால் பயந்தேன், இப்போது சத்தம் கேட்பதற்கு முன்பே பயந்தேன். மாடிக்குத் துணி காயப்போடப் போனால்கூட, ஆள் வெளியே போகும்போது அழுத்துகிற பட்டனை அழுத்திவிட்டுத்தான் போவேன். நான் மேலே இருக்கும்போது எவனாவது பின்பக்கமாக நுழைந்துவிட்டால்?

ஆடிக்காற்று வீசிய ஒரு மத்தியானம். கொடியில் கிடந்த சேலைகள் பறந்துவிடும் போல் இருந்தன. வாரி எடுத்துக்கொண்டு அவசரமாகக் கீழே இறங்கினேன். பட்டனை அழுத்தியது மறந்தே போய்விட்டது. ஆள் நடமாட்டத்தைப் பார்க்க ஹாலில் மாட்டிய கண் என்னையே திருடி என்று பிடித்துவிட்டது. அந்தச் சைரன் போட்ட கூப்பாட்டில் உடம்பு தூக்கிவாரிப்போட்டது. கடைசிப் படியில் கால் மடங்கிச் சேலைக் குவியலோடு தரையில் விழுந்தேன். சாப்பாட்டு மேஜையில் போன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. அவசர பட்டனோ சேலைகளை வாரும்போது கொடிக்கம்பத்தில் மாட்டிக் கழன்று மேலேயே கிடந்தது. எழுந்திருக்க முடியவில்லை. இப்படியேதான் சாகப்போகிறேன், மகள் வந்து கதவை உடைத்துப் பார்ப்பாள் என்று நிஜமாகவே நினைத்தேன். அழுதேன். ஏன் என்னை விட்டுவிட்டுப் போனீர்கள் என்று உங்களைத் திட்டினேன்.

சைரன் தானாக ஓய்ந்ததும்தான் வாசலில் சத்தம் கேட்டது. "மதினி! ஏ மதினி! உள்ள எவனும் இருக்கானா?" ஜன்னல் வரை தவழ்ந்து போய்ப் பார்த்தேன். உங்கள் தம்பி கையில் கடப்பாரையோடு கேட்டுக்கு வெளியே நிற்கிறார். கேட்டு பூட்டவில்லை, கொண்டிதான் போட்டிருக்கிறது. சட்டைகூட இல்லை. மூச்சு வாங்குகிறது. பின்னால் என் ஓரகத்தி அவர் முதுகைப் பிடித்துத் தள்ளுகிறாள். "உள்ள போங்களேன்! அந்தா அக்காவுக்கு என்ன ஆச்சோ, மரம் மாதிரி நிக்கீக?"

"அண்ணன் கால் வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காவள்லா" என்றார் உங்கள் தம்பி. அவர் குரல் அழுகிற குரல்.

ஏங்க, அது வீம்பு இல்லை. உங்கள் அடக்கத்தன்று வெயிலில் நின்றதும் வீம்பு இல்லை. நீங்கள் கோபத்தில் எறிந்த ஒரு சொல்லை அந்த மனிதர் வேதவாக்காக வைத்துக்கொண்டு வெளியே நின்றிருக்கிறார். எனக்கு அது அப்போதுதான் புரிந்தது.

சுவரைப் பிடித்து, கதவைத் திறந்து, "வாங்க தம்பி" என்றேன்.

அவர் அசையவில்லை. "நீங்க சொல்லுதீக மதினி. அண்ணன்லா சொல்லணும்?"

"அவுக எங்க வந்து சொல்லுவாவ? இப்ப இது என் வீடு. நான் கூப்பிடுதேன், வாங்க."

கடப்பாரையைத் தெருவிலேயே போட்டுவிட்டு வந்தார். என்னைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார். ஓரகத்தி தைலம் எடுக்க ஓடினாள். அவர் ஹாலில் உங்கள் படத்துக்கு முன்னால் போய் நின்றார். என்ன பேசினாரோ, கேட்கவில்லை. நான் அந்தப் பக்கம் திரும்பாமல் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன் மறுபடி அடித்தது. கோயம்புத்தூர்ப் பெண். அலாரம் மாட்டும்போது நான் கொடுத்த ரகசியச் சொல்லைக் கேட்டாள். பதற்றத்தில் வரவில்லை, யோசித்துச் சொன்னேன். அதை இங்கே எழுத மாட்டேன், நீங்கள் ஆசைப்பட்டுச் சாப்பிடுகிற மீனின் பேர் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். மகளும் எடுக்கவில்லையாம், போலீசுக்குச் சொல்லப் போகிற நேரம் என்றாள். பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள்.

"இருக்காவ. என் கொழுந்தன்."

"அவர் பேரை மூன்றாவதாகச் சேர்த்துக்கொள்ளவா அம்மா? நீங்கள் போன் எடுக்காவிட்டால், உங்களைக் கேட்காமலே அவர் கதவைத் திறந்து உள்ளே வரலாமா?"

உங்களோடு வாழ்ந்த காலத்தில் உங்கள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு ஆயிரம் பேசியிருக்கிறேன். ஆனால் நீங்கள் முடிவாகச் சொன்ன எதையும் மீறியதில்லை. உங்கள் தம்பி திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரலாம்" என்றேன்.

ஒரு சாவி இப்போது அவர் வீட்டில் இருக்கிறது. அதற்காக எல்லாம் இனிமையாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். தண்ணீர் இன்னும் நம் பக்கம்தான் ஓடிவருகிறது. ஐப்பசிக்கு முன்னால் ஓடை வெட்டியாக வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். "சரி மதினி" என்றிருக்கிறார். செய்கிறாரா, பார்க்கலாம். எனக்குப் பயமும் முழுதாகப் போகவில்லை. ஆனால் சென்னைக்குப் போகவில்லை, நம் வீட்டில்தான் இருக்கிறேன்.

உங்கள் சொல் மட்டும் என் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருக்கிறது. சரியைத்தான் செய்தேன் என்று பகலில் தோன்றுகிறது. ஜெபத்துக்கு முழங்கால் போட்டதும் உங்கள் முகம்தான் முன்னால் வருகிறது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பி கடைசிவரை உங்கள் சொல்லை மீறவில்லை. நான் கூப்பிட்டுத்தான் வந்தார். நாளைக்கு நாம் எல்லோரும் அங்கே பரலோகத்தில் ஒன்றாய்க் கூடும்போது அவரிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. என்னைக் கேளுங்கள்.