நீலக் கோட்டின் உள்பை

பிப்ரவரி 3

என் ஒல்லிக்குச்சித் தம்பிக்கு அக்கா எழுதுவது.

என் கோழிக் கிறுக்கலைப் பார்த்துச் சிரிக்காதே. ஐந்தாவதோடு நின்றவளுக்கு இதுவே பெரிது.

பழைய துணிக் கிடங்கில் வேலை கிடைத்துவிட்டது. நீ இருக்கும் ஊர்க்காரர்கள் கழித்தது மூட்டை மூட்டையாகக் கப்பலில் வருகிறது. ஒரு பொத்தான் போனால் சட்டையையே தூக்கிப் போடுகிறார்கள், மகாராசன்கள்! நாங்கள் தரம் பிரித்துக் கடைகளுக்கு அனுப்புகிறோம். நம் தெருத் தையல்காரர் கடையைப் பூட்டிவிட்டார். பாவம், புதிதாகத் தைக்க யார் வருகிறார்கள்?

நேற்று வந்த சட்டையில் என் பழைய ஃபேக்டரியின் முத்திரை. இங்கே தைத்து, அங்கே உடுத்தி, மறுபடி இங்கே. சட்டைக்குக்கூடப் போக வர டிக்கெட். உனக்குத்தான் போக மட்டும்!

நான் உள்பை தைத்துக் கொடுத்த நீலக் கோட்டைப் போடுகிறாயா?

அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்கா,

கோட்டைக் கழற்றுவதே இல்லை. வேலை இறைச்சி உறைய வைக்கும் அறையில். இந்த ஊரில் கடைகளுக்குள் வியர்க்கும் அளவுக்குச் சூடு. எங்கள் ஆறு பேர் அறையில் ஹீட்டர் கிடையாது. உன் கடிதங்கள் உள்பையில்தான்.

கொஞ்சம் இருமல். மேஸ்திரியிடம் சொல்லவில்லை. போன வாரம் என் மேல்கட்டில்காரர் அவரிடம் காய்ச்சல் என்று சொன்னார். வேனில் ஏற்றிப் போனார்கள். எங்கே என்று கேட்டேன். "உன் வேலையைப் பாரு" என்றார்கள். சாயங்காலமே அந்தக் கட்டிலில் புது ஆள். போனவருடைய துணிமணியைத் தெருமுனையில் பழைய துணி சேர்க்கும் பெட்டியில் போட்டார்கள்.

நீ கவலைப்படாதே.

தம்பி


ஏப்ரல் 2

அடேய் பயந்தாங்கொள்ளி,

மேஸ்திரி என்ன கடித்தா விடுவார்? அவ்வளவு பெரிய தேசத்தில் ஆஸ்பத்திரி இல்லாமலா போகும்? அந்த மனிதரையும் அங்கேதான் கொண்டுபோயிருப்பார்கள். இருமலைச் சொல்லிவிடு. என்மேல் சத்தியம்.

அக்கா


ஏப்ரல் 24

அக்கா,

சத்தியம் வைத்துவிட்டாய். நாளைக் காலையில் சொல்கிறேன்.

தம்பி


ஆகஸ்ட் 19

தம்பி,

நான்கு கடிதம் போட்டும் பதில் இல்லை. துரைக்கு அவ்வளவு வேலையா?

இன்று ஒரு மூட்டையை அவிழ்த்தேன். நீலக் கோட்டு. உலகத்தில் ஆயிரம் நீலக் கோட்டு இருக்கும் என்றுதான் உள்ளே புரட்டினேன். பச்சை நூல். அன்றைக்கு வீட்டில் நீல நூல் தீர்ந்துபோயிருந்தது, ஞாபகம் இருக்கிறதா? பைக்குள் என் கிறுக்கல்கள். ஏப்ரல் கடிதம் மடித்து மடித்து நைந்திருந்தது.

"என்னம்மா, கிழிசலா?" என்று சூப்பர்வைசர் கேட்டார்.

"ஒரு கிழிசலும் இல்லை சார், நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

வீட்டுக்கு எடுத்து வந்து ஆணியில் மாட்டியிருக்கிறேன். குண்டாகிவிட்டாய், கை நுழையவில்லை, தூக்கிப் போட்டாய். அப்படித்தானே? ஆமாம் என்று ஒரு வரி எழுது. பொய்யாக இருந்தாலும் சரி, உன் கையெழுத்தில் எழுது.

அக்கா