மூன்று பேருக்கான கூடாரம்

செப்டம்பர் 3, புதன்

கிளினிக்கில் இன்று நல்ல கூட்டம். ஒரு பெரியவர் பல்லைப் பிடுங்கிய பிறகு கண்ணாடியில் வாயைப் பார்த்துவிட்டு, "வலிக்கிற பல்லு இன்னும் உள்ளயே இருக்கேம்மா" என்றார். டாக்டரம்மாவின் முகம் செத்துவிட்டது. நான் கருவிகளைக் கழுவி, கொதிநீராவியில் வைத்து எடுத்து, உறையில் போட்டு ஒட்டும்வரை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தால் அவர் ஒரு முடிவோடு காத்திருந்தார். அடுத்த சனி, ஞாயிறு மூன்று பேரும் ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோமாம். இடத்துக்குச் சொல்லியும் வைத்துவிட்டார். "ஒண்ணா இருந்தாத்தான் ஒட்டும்" என்கிறார். ஒட்ட வேண்டியது நானும் அவர் மகளும்.

கல்யாணமாகி ஒன்றரை வருஷம். அவள் இதுவரை என்னை எந்த உறவு சொல்லியும் கூப்பிட்டதில்லை. "இந்தாங்க." "கேளுங்க." அவ்வளவுதான். பதினைந்து வயசு. அவர் அவளை வாலு என்பார். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். நேரில் சொன்னால் கடித்துவிடுவாள்.

செப்டம்பர் 5, வெள்ளி

பரணில் இருந்து சாமான்களை இறக்கினார்கள். கூடாரம், அதன் கம்பிகள், முளைகள், தார்ப்பாய், சின்ன கேஸ் அடுப்பு, கைப்பிடி கழன்ற டார்ச், ஒரு கயிற்றுச் சுருள். கூடமே கப்பல் இறங்கிய துறைமுகம் போலக் கிடக்கிறது. முன்னவள், வாலுவைப் பெற்றவள், இருந்தபோது வருஷத்துக்கு இரண்டு தடவையாவது போவார்களாம். அவள் படுக்கையில் விழுந்த பிறகு நின்றுபோனது. அவள் போய் மூன்று வருஷம்.

கூடாரம் மூன்று பேருக்கானது. ஸ்லீப்பிங் பேக்கும் மூன்று. அவருடையது நீலம், வாலுவுடையது சின்னது, முன்னவளுடையது பச்சை. "நீ பச்சைய எடுத்துக்க. புதுசு எதுக்கு?" என்றார் என்னிடம். எனக்கு உடம்பு கூசியது. செத்தவள் படுத்த பைக்குள் நான் நுழைவதா?

நான் வாயைத் திறக்குமுன் வாலு முந்திக்கொண்டாள். "அது அம்மாவோடது."

"தெரியும்டா. சும்மாதானே கெடக்கு?"

"அவங்களுக்குப் புதுசு வாங்குங்க. என்னோடது எனக்குப் பத்தல, அம்மாவோடதுல நான் படுத்துக்கறேன்."

அவள் சொல்லி எனக்குப் புதுசு வந்ததே, அதையும் நினைத்துப் பார்க்கிறேன். பாம்பும் பால் கறக்குமோ? சாம்பல் நிறம், நல்ல கனம். கடையிலிருந்து வந்த அந்த வாசனையோடு அலமாரியில் இருக்கிறது.

செப்டம்பர் 6, சனி

இதை எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

மத்தியானம் துணி எடுக்கப் பின்னறைக்குப் போனேன். வாலு தரையில் உட்கார்ந்திருந்தாள். பச்சைப் பையை அவிழ்த்துத் தலையை முழுக்க உள்ளே விட்டிருந்தாள். மூச்சுத் திணறிவிட்டதோ என்று பயந்து தோளைத் தொட்டேன். வெளியே வந்த முகம் சிவந்திருந்தது. திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"அடியில, கால் வைக்கிற பக்கம், இன்னும் அம்மா வாசனை இருக்கு" என்றாள். "அவங்க பூசற தைலம். வேற எதுலயும் இல்ல. பொடவையெல்லாம் அப்பா குடுத்துட்டார்."

நான் கதவை ஒருக்களித்துச் சாத்தினேன்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க. அப்பாகிட்ட கூட. அடிக்கடி தெறக்க மாட்டேன். தெறந்தா போயிடும்."

சொல்ல மாட்டேன் என்றேன். அவள் பையைச் சுருட்டி, வாரை இழுத்து, இரண்டாவது துளையில் மாட்டினாள். ஒரு குழந்தையைத் தூங்க வைப்பது போலச் செய்தாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

"டீ வேணுமா?" என்று கேட்டாள். என்னைத்தான்.

செப்டம்பர் 9, செவ்வாய்

எழுத்து எனக்கே புரியவில்லை.

சாயங்காலம் சமையல் சாமான்களைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன். எடுத்துப்போக வேண்டியவை ஒரு பக்கம், வேண்டாதவை ஒரு பக்கம். ஒரு பீங்கான் பூச்சுக் குவளை, விளிம்பெல்லாம் பூச்சு உதிர்ந்து துரு ஏறிக் கிடந்தது. வேண்டாத பக்கம் வைத்தேன். அது முன்னவளுடைய குவளை என்று எனக்கு எப்படித் தெரியும்? ஜோசியமா பார்த்தேன்?

வாலு பார்த்துவிட்டாள். "எதப் பாத்தாலும் தூக்கிப் போடறதுதான் உங்க வேலையா?"

"துருப் பிடிச்சிருக்கும்மா. இதுல குடிச்சா வயித்துக்கு ஆகாது" என்றேன். தன்மையாகத்தான் சொன்னேன். சத்தியமாகத் தன்மையாகத்தான்.

"எங்கம்மா குடிச்சாங்க. அவங்க இதனால சாகல."

அவர் சோபாவில் உட்கார்ந்து டார்ச்சுக்கு பேட்டரி போட்டுக்கொண்டிருந்தார். நான் குவளையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவள் கூடாரப் பையைக் காலால் ஒதுக்கிவிட்டு, நிதானமாக, பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள்:

"இது மூணு பேர் டென்ட்டு. நல்லவேளை, அந்தக் கொழந்த தங்கல. இல்லன்னா அம்மா எடம் பத்தாதுன்னு என் எடத்தையும் எடுத்திருப்பீங்க."

மார்ச்சில் போன என் பிள்ளை. வயிற்றில் நாலு மாசம். அதைப் பற்றி நானும் அவரும்கூடப் பேசிக்கொள்வதில்லை.

"வாலு, போதும்" என்றார் அவர். டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்கிற அதே குரலில். பிறகு டார்ச்சைப் போட்டுச் சுவரில் அடித்துப் பார்த்தார். எரிந்தது. "ஆங், இப்ப சரியாயிடுச்சு."

எது சரியாயிடுச்சு? என்னய்யா சரியாயிடுச்சு உனக்கு?

பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்ததும், "சின்னப் பொண்ணு. மனசுல வெச்சுக்காத" என்றார். வேறு எங்கே வைத்துக்கொள்வது என்று அவர் சொல்லவில்லை.

செப்டம்பர் 10, புதன்

வேலைக்குப் போனேன். வந்தேன்.

செப்டம்பர் 11, வியாழன்

காலை பத்து மணிக்கே கிளினிக்கில் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் யாரும் இல்லை. கேம்ப் சாமான்களைச் சுத்தம் பண்ண வேண்டியிருந்தது. தார்ப்பாயில் பழைய மண். அடுப்பில் எண்ணெய்ப் பிசுக்கு. எல்லாவற்றையும் தேய்த்தேன். யாராவது செய்துதானே ஆக வேண்டும்?

பச்சைப் பையையும் துவைத்தேன்.

மூன்று வருஷம் பரணில் கிடந்த துணி. பூஞ்சை இருக்கும். தூசி இருக்கும். அவளுக்கு ஏற்கெனவே தும்மல். யாரைக் கேட்டாலும் துவைக்கத்தான் சொல்வார்கள். டாக்டரம்மாவைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்—

கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர். கிருமிநாசினி. பிறகு சோப்பு. உள்பக்கத்தை வெளியே திருப்பி, கால் வைக்கிற பக்கத்தை முதலில் தேய்த்தேன். அலசினேன். முகத்தருகே கொண்டுபோனேன். லேசாக, மிக லேசாக, ஏதோ ஒரு மூலிகை வாடை. அதனால் இன்னொரு தடவை.

முதல் தடவை அழுக்குக்கு. இரண்டாவது எதற்கு?

மொட்டை மாடியில் நல்ல வெயில், காற்று. அவள் பள்ளிக்கூடம் விட்டு வருமுன் காய்ந்துவிட்டது. அவள் சுருட்டியது போலவே சுருட்டினேன். வாரை இரண்டாவது துளையில் மாட்டினேன். இருந்த இடத்திலேயே வைத்தேன்.

இன்றைக்கு நன்றாகப் பசித்தது.

செப்டம்பர் 12, வெள்ளி

மூட்டைகள் எல்லாம் கட்டி வாசலருகே அடுக்கியாயிற்று. மழைக் கோட்டு, முதலுதவிப் பெட்டி, கொசு மருந்து, தீப்பெட்டியைத் தனியாகப் பிளாஸ்டிக் உறையில். பச்சைப் பையை வாலுவே கொண்டுவந்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். அவிழ்க்கவில்லை.

நான் சமையலறைக்குப் போனேன். பின்னாலேயே வந்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அன்னைக்குச் சொன்னது… கொழந்தயப் பத்தி." நகத்தால் மரத்தைச் சுரண்டினாள். "அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. எனக்கே அசிங்கமா இருக்கு. ரெண்டு நாளா தூங்கல."

"பரவால்ல" என்றேன்.

"நெஜமா?"

"நெஜமா."

அவள் சட்டென்று என் கையைத் தொட்டுவிட்டு ஓடிவிட்டாள். ஒன்றரை வருஷத்தில் முதல் தடவை.

அப்போதே சொல்லியிருக்கலாம். கூப்பிட்டு, உட்கார வைத்து, நான் இப்படிப் பண்ணிட்டேன்மா என்று காலில்கூட விழுந்திருக்கலாம். எதற்காகக் காத்திருந்தேன்? அவள் கண்டுபிடிப்பதைப் பார்க்கவா? இல்லை, இல்லவே இல்லை. தெரியாது.

செப்டம்பர் 14, ஞாயிறு

திரும்பி வந்தாயிற்று. துணியெல்லாம் புகை நாற்றம்.

நேற்று போய்ச் சேர்ந்ததும் அப்பாவும் மகளும் கூடாரம் அடித்தார்கள். வாலு எனக்கு முளை அடிக்கச் சொல்லிக்கொடுத்தாள். "சாய்ச்சு அடிங்க, நேரா அடிச்சா காத்துக்குப் புடுங்கிக்கும்." என் முளை ஒன்று கல்லில் பட்டு வளைந்தபோது மூன்று பேரும் சிரித்தோம். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, உலகத்தையே ஜெயித்துவிட்ட மாதிரி.

இருட்டத் தொடங்கியதும் படுக்கைகளை விரித்தோம். அவர் வெளியே அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தார். வாலு பச்சைப் பையை அவிழ்த்தாள். தலையை உள்ளே விட்டாள்.

வெளியே எடுத்தாள். மறுபடி விட்டாள். கைகளால் அடிப்பக்கத்தைத் துழாவி வெளியே திருப்பி, மூக்கை வைத்து அழுத்தினாள். ஒரு ஓரம், அடுத்த ஓரம், தையல் மடிப்பு. ஒன்றையும் விடவில்லை. நான் என் பையின் ஜிப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு என்னைப் பார்த்தாள். கத்துவாள், அடிப்பாள், ஏதாவது செய்வாள் என்று இருந்தேன். அடித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

"என்னடா வாலு, தூங்கலயா?" என்று வெளியிலிருந்து கேட்டார்.

"ஒண்ணுமில்லப்பா. குளிருது."

பச்சைப் பையை மடித்து என் பக்கம் தள்ளினாள். என் சாம்பல் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நீங்க இதுல படுங்க" என்றாள். "ரெண்டும் இப்ப புதுசுதானே."

அவர் உள்ளே வந்து, பைகள் மாறியிருப்பதைப் பார்த்துவிட்டு, "அட, அவளே உனக்குக் குடுத்துட்டாளா!" என்றார். வாலுவின் தலையைத் தடவினார்.

பை கதகதப்பாக இருந்தது. சோப்பு வாசனை. அதற்குள் படுத்து நன்றாகத் தூங்கிவிட்டேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

பாத்திரம் எல்லாம் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். யாரும் சொல்லவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

அவர் கடைக்குப் போன சமயம் பார்த்து அவள் அறைக்குப் போனேன். பொய்யும் மெய்யுமாக ஆரம்பித்தேன். பூஞ்சை இருந்தது, உனக்குத் தும்மல் வரும், யோசிக்காமல் போட்டுவிட்டேன்—

கணக்குப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்திக் கடைசிவரை கேட்டாள்.

"உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன்" என்றாள்.

"கோவத்துலம்மா. நீ சொன்ன அந்த வார்த்த—"

"ஆமா. நான் தப்பாச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன்." பேனாவை எடுத்தாள். "அப்ப அது துவைச்சு மடிச்சு இருந்துச்சு, இல்ல?"

இருந்தது. இருந்ததும்மா.

"கதவச் சாத்திட்டுப் போங்க."

அக்டோபர் 5, ஞாயிறு

வீட்டில் சத்தமே இல்லை. வாலு எதிர்த்துப் பேசுவதில்லை. போட்டதைச் சாப்பிடுகிறாள். "போயிட்டு வரேங்க." "சாப்பிட்டாச்சுங்க." பேங்க்கில் வேலை செய்கிறவர்கள்கூட வாடிக்கையாளரிடம் இவ்வளவு மரியாதையாகப் பேச மாட்டார்கள். எனக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் படுத்தபோது கஞ்சி வைத்து, மாத்திரை எடுத்து, நெற்றியில் ஈரத்துணியும் போட்டாள். என் முகத்தைப் பார்க்காமலே போட்டாள். துணி கண்ணில் விழுந்தது.

பழைய மாதிரி நாலு வார்த்தை திட்டினால் தேவலை.

அவர் மட்டும் பாட்டுப் பாடிக்கொண்டே ஷேவ் செய்கிறார்.

நவம்பர் 15, சனி

பதினொன்றாம் வகுப்புக்கு அவளுடைய பெரியம்மா வீட்டிலிருந்து படிக்கப் போகிறாளாம். முன்னவளின் அக்கா. அங்கே பள்ளிக்கூடம் நல்லது என்கிறாள். இப்போதே போய்ப் பழகிக்கொள்வதாகவும், பத்தாவது முடியும்வரை பஸ்ஸில் இங்கே பள்ளிக்கு வந்துபோவதாகவும் சொல்லி அப்பாவைச் சம்மதிக்க வைத்துவிட்டாள். அவருக்கு வருத்தம்தான். ஆனாலும், "பொறுப்பு வந்துடுச்சு பாரு" என்று பெருமைப்பட்டுக்கொள்கிறார்.

அவர் பெட்டியை வண்டியில் ஏற்றப் போனபோது நானும் அவளும் கூடத்தில் நின்றோம். என்னால் முடியவில்லை. கேட்டேவிட்டேன்.

"அப்பாகிட்ட ஏன் சொல்லல?"

செருப்பின் வாரைப் போட்டுக்கொண்டே பதில் சொன்னாள். கோபமே இல்லை. நேரம் என்ன என்று கேட்டவருக்குச் சொல்வது போல.

"சொன்னா அப்பா உங்கள மன்னிச்சிடுவாரு. அதான் சொல்லல."

எழுந்தாள். "வரேங்க" என்றாள். போய்விட்டாள்.

நவம்பர் 30, ஞாயிறு

காலையில் அவர் ஆபீஸ் நண்பர் வந்திருந்தார். அவருக்கும் இரண்டாம் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். வீட்டில் ஒரு மகள் இருக்கிறாள், ஒத்துப்போகுமா என்று பயப்படுகிறார். நான் காபி கொண்டுபோய் வைத்தேன்.

"பயப்படாதீங்க சார்" என்றார் இவர், என் பக்கம் கையைக் காட்டி. "எல்லாம் வர்றவங்க மனசப் பொறுத்தது. எங்க வீட்டையே பாருங்க. இவளுக்கும் பொண்ணுக்கும் ஒரு சண்ட கெடையாது."

நண்பர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்படியாம்மா?"

"ஆமாங்க" என்றேன். "சர்க்கரை போதுமா பாருங்க."