கைகாட்டியடியில் நிற்கும் கோச்சி

கைகாட்டியடி, ஓமந்தை
04.03.2023

அன்புத் தங்கச்சி ஞானேஸ்வரிக்கு,

முழங்கால் வலியைத் தவிர எனக்கொரு குறையுமில்லை. மகள் வீட்டுக்குப் போய் உன் இருமல் குறைந்ததா?

கேள், இங்கே கோச்சி, ரயில் கோச்சி, நிற்கப்போகிறது! எட்டு வருஷம் மனுக் கொடுத்தது வீண்போகவில்லை. எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டிலிருந்து அடிபட்டு வந்து, தண்டவாள வேலையில் சேர்ந்து, கைகாட்டி மரத்தடியில் முதல் குடிசை போட்டபோதே சொன்னேனே, "லைனுக்குக் கிட்டக் கட்டுங்க, ஒருநாள் நிக்கும்" என்று. பதின்மூன்று குடும்பமும் என்னை நம்பிக் கட்டினீர்கள். கால் போன உன் வீட்டுக்காரர் தூரம் நடக்கக்கூடாதென்று முன் காணியை உனக்கு விட்டு, கடைசிக் காணியை நான் எடுத்தேன். அவர்தான் பார்க்க இல்லை.

திறப்புக்குக் கட்டாயம் வா.

அண்ணன்
ஆண்டியப்பன்

19.07.2023

தங்கச்சி,

எப்படி எழுதுவேன்? அளந்துவிட்டார்கள். மேடைக்கும், லைன் ஓரம் விடுகிற ரயில் ஒதுக்கு நிலத்துக்கும் இடம் வேண்டுமாம். பதின்மூன்று வீட்டுச் சுவரிலும் சிவப்புக் கோடு. உன் வீடுதான் முதலாவது. என் சுவரில் மட்டும் இல்லை.

"எனக்கும் போடுங்க" என்று கெஞ்சினேன். "ஐயா, உங்கட காணி வெளியிலை" என்று அளந்தவர் சிரித்தார். காட்டுக்குள் ஆறு மைல் தள்ளி மாற்றுக் காணியாம். மூன்றாம் வீட்டு ஜெயந்தன் என்னைக் கண்டால் காறித் துப்புகிறான். துப்பட்டும்.

ஆண்டியப்பன்

10.02.2024

தங்கச்சி,

போன மாதம் முதல் கோச்சி நிற்கிறது. ஏறவும் ஆளில்லை, இறங்கவும் ஆளில்லை. "ஊர் எங்கை ஐயா?" என்று கார்ட் கேட்டார். மூன்று மாதத்தில் ஆள் சேராவிட்டால் தரிப்பிடத்தை எடுத்துவிடுவார்களாம். ஒரேயொருமுறை வந்து இறங்கு. உன் கையைப் பிடித்து இறக்குகிறேன்.

ஆண்டியப்பன்

வவுனியா
26.02.2024

அண்ணன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்று தெரியும். அது தெரிவதால்தான் திட்டக்கூட முடியாமல் வயிறு எரிகிறது.

உங்கள் கோச்சி நிற்கிற இடம் என் குசினி. அவருக்குக் கடைசியாகக் கஞ்சி காய்ச்சின அடுப்படி. அதிலே டிக்கெட் எடுத்து வந்து இறங்கச் சொல்கிறீர்களா? நான் வரமாட்டன் அண்ணன். இனிக் கடிதம் போடவேண்டாம்.

ஞானேஸ்வரி

17.04.2024

தங்கச்சி,

வேண்டாமென்றாய். இதுதான் கடைசி.

அடுப்படி எதுவென்று எனக்குத் தெரியும், மேடையில் மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில். அங்கே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நிற்பேன். ரோட்டடி மீனம்மா கடையிலிருந்து தினம் ஒரு டிக்கெட் காசு கடன் வாங்கி, ஓமந்தைக்குப் போய் நடந்து திரும்பினேன். ஒரு ஆள் மட்டும் ஏறினால் கணக்கில்லையாம்.

நேற்று முதல் கோச்சி நிற்பதில்லை. நான் கையைக் காட்டினேன். அது போய்விட்டது.

ஆண்டியப்பன்