பல்லுக்கு ஒரு மண்டலம்

லேக் மார்க்கெட், கொல்கத்தா
தை 8

சௌபாக்கியவதி பத்மஜாவுக்கு அப்பா மனமார ஆசீர்வதித்து எழுதுவது. அம்பாள் கிருபையால் இவ்விடம் யாவரும் க்ஷேமம், உன் அம்மாவின் பற்கள் நீங்கலாக. அவ்விடத்து க்ஷேமத்தில்தான் எனக்கு ஐயம். போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாய் என்றே எழுதுகிறேன்.

மார்கழி முழுதும், பூஜை முடிந்து நான் கொடுத்த துளசி தீர்த்தத்தை உன் அம்மா நாகலட்சுமி அண்ணாந்து பல்லில் படாமல் விழுங்கிவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். கோபம் என்மேலா பகவான்மேலா என்று சந்தேகித்தேன். காப்பியையும் ஆறவைத்துக் குடிக்கவே சந்தேகம் வலுத்துத் துழாவினால், அரிசி டப்பாவுக்குப் பின்னால் நீ அனுப்பிய பல் வெளுக்கும் பட்டைகள். மூன்று பெட்டி காலி, நான்காவது பாதி. அட்டையில் பதினான்கு நாள் என்று அச்சிட்டிருக்க, எந்த மருந்தும் ஒரு மண்டலம் சேவித்தால்தான் பிடிக்கும் என்று நாற்பத்தெட்டு நாள் ஒட்டியிருக்கிறாள். டாக்குரியா பேட்டையின் பல் டாக்டரம்மா பார்த்துவிட்டு, வங்காள வழக்கப்படி மாஷிமா என்றழைத்து, பல்லா கேட்டது இத்தனை வெள்ளையை என்று தலையில் அடித்துக்கொண்டார். எனாமலின் வழவழப்புப் போய் மேற்பரப்பு சொரசொரத்து, ஆங்காங்கே திட்டு விழுந்திருக்கிறதாம். கூச்சம் தணியும், தேய்ந்த எனாமல் திரும்ப வளராது என்றார். பல்லுக்கு முத்தை உவமை சொன்ன கவிகள் அதன் நீரோட்டத்தையும் கண்டார்கள், வெறும் வெள்ளை என்றால் சுண்ணாம்புச் சுவரும் வெள்ளைதான் என்றேன். உங்கள் வெற்றிலைப் பல்லுக்கு எந்தக் கவி உவமை சொன்னாராம் என்கிறாள். சரி, இனியாவது வாய்திறந்து சிரி என்றால், காற்றுப் பட்டால் கூசுகிறதாம், மூடிக்கொள்கிறாள்.

உன் தம்பி ரஞ்சன் கல்யாணப் படத்தில் அம்மா வாயை மூடிச் சிரிக்கிறாளே என்று நீ வருந்தியதை அறிவேன், அன்பால்தான் அனுப்பினாய். ஆயினும் ஒரு பெட்டி போதுமென்று அச்சிட்டிருக்க, நான்கு பெட்டி உன்னிடம் ஏன் இருந்தது? சென்ற ஞாயிறு வீடியோவில் தண்ணீர் பருகுகையில் நீயும் அண்ணாந்தாய், கன்னத்தில் கை வைத்தாய். டொராண்டோ குளிர் அப்படி என்று மாப்பிள்ளை அஷ்வத் சமாளித்தார். அவர் பல்லும் அன்று மிகையாகவே வெளுத்திருந்தது.

ஆகவே பட்டை மிச்சமிருந்தால் குப்பையில் போட்டு, இருவரும் பல் டாக்டரைப் பாருங்கள். அம்மாவுக்கு இனி ஒரு பெட்டியும் அனுப்பாதே. தீர்க்க சுமங்கலியாக, சொந்தப் பல்லோடு நீடூழி வாழ்வாயாக. வரும் ஞாயிறு எங்கள் இருவர் கண்ணெதிரே ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீரை, அண்ணாந்து அல்ல, உதடு வைத்தே, முகம் சுளிக்காமல் குடித்துக் காட்டு. அதன்பின் நம்புகிறேன்.

உன் க்ஷேமம் கோரும் தகப்பன்,
ஜம்புநாதன்