ஒற்றைக் கையில் வந்த வாழ்த்து

செகெட்,
ஜனவரி கடைசி ஞாயிறு

அன்பு மகள் எனிகோவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். திஸா ஆறு ஓரங்களில் உறைந்து கிடக்கிறது, அடுப்பு ஒழுங்காக எரிகிறது, வேறு குறை இல்லை. நீ சுகமா என்று இந்த முறை மரியாதைக்குக் கேட்கவில்லை. உன் வலது கை சுகமா? அதற்குப் பதில் வேண்டும்.

சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. அம்மாவின் பெயர்நாள் விருந்தன்று நீ ஸ்டாக்ஹோமிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, வருஷா வருஷம் வாசிக்கும் வாழ்த்துப் பாட்டைப் பியானோவில் வாசித்தாய் அல்லவா, அப்போது நம் கட்டடத்தில் பாதிப் பேர் நம் வீட்டில்தான் இருந்தார்கள். உன் அம்மா ரிசீவரைத் தூக்கிப் பிடித்திருக்க, எல்லாரும் போகாச்சா ரொட்டியை மெல்லாமல் வாயில் அடக்கிக்கொண்டு கேட்டார்கள். கீழ்வீட்டு ஓடோன் மாமா, "ஒரு கைதான்யா கேக்குது, இன்னொரு கையில பாலிங்கா சாராய கிளாஸ் இருக்கும், அப்பனுக்குத் தப்பாத பொண்ணு" என்று சொல்ல, வீடே சிரித்தது. உன் அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாட்டு முழுக்கக் கீழ் ஸ்தாயியிலேயே நகர்ந்தது, வலது கை வாசிக்கிற மேல் பக்கத்தில் ஒரு சுரம்கூட இல்லை. சத்தம் கொஞ்சம் மாறினாலே லிஃப்டை நிறுத்தி மோட்டாரைத் திறந்து பார்க்கிறவன் நான். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உன் விடுதிக்குக் கூப்பிட்டால் அந்த ஸ்வீடன் பெண் எடுத்து, நீ பயிற்சியில் இருக்கிறாய் என்றே சொல்கிறாள். எந்தக் கையால் பயிற்சி?

வேலையைப் பாதியில் போட்டுவிட்டு உன் பழைய ஆசிரியை வில்மா டீச்சர் வீட்டுக்குப் போனேன். காப்பி கொடுத்தார், பூனைக்கு வயிறு சரியில்லாத கதையைச் சொன்னார், "எனக்கு ஒண்ணும் தெரியாது டெஜோ, அவ என்ன சின்னக் குழந்தையா" என்றார். தெரியாது என்றால் ஏன் டீச்சர் பூனையைப் பார்த்தே பேசுகிறீர்கள் என்று கேட்டேன். நான் எழுந்திருக்கப் போவதில்லை என்று தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தார். தசைநார் வீங்கியிருக்கிறது, ஆறு மாதம் பியானோக் கட்டையைத் தொடக்கூடாது, மீறினால் கடைசி இரண்டு விரலும் பழையபடி வராது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டாராம். மார்ச்சில் நம் ஊர் மண்டபத்தில் வாசிப்பதற்காக அதை நீ மூடி மறைக்கிறாயாம், அம்மா அந்த ஒரு நாளுக்காகத்தான் இத்தனை வருஷமாக இருக்கிறாளாம். டீச்சரைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் அவரை விடவில்லை.

எனக்குக் கோபம்தான் வருகிறது எனிகோ. லைப்சிக்கில் பரிசு வாங்கினாய், வியன்னாவில் வாசித்தாய், போன பனிக்காலம் முழுக்க ரயில் மாறி ரயில் ஏறி வடக்கே ஊர் ஊராக வாசித்தாய், காய்ச்சலோடு மேடை ஏறியதைக்கூடப் பெருமையாக எழுதினாய். நாங்களும் அதைப் படித்துவிட்டு அக்கம்பக்கத்தில் பீற்றிக்கொண்டோம். வலியை மறைத்து வாசிப்பது என்ன திறமை? தேய்ந்த பிரேக்கை மறைத்து ஆள் ஏற்றுகிறவனை என் பட்டறையில் ஒரு நாள் வைத்திருக்க மாட்டேன். இருபத்திரண்டு வயதில் இந்தக் கையைத் தொலைத்துவிட்டால் மிச்ச வயதுக்கு என்ன செய்வாய்?

நேரே மண்டப நிர்வாகி கர்ஷாயிடம் போய்க் கச்சேரியை நிறுத்துங்கள் என்றேன். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "லிஃப்டுக்கு நீங்க பூட்டுப் போடலாம் இன்ஜினியர் சார், பியானோவுக்குப் போட முடியாது, அவ கையெழுத்து வேணும்" என்றார். போஸ்டர் அச்சுக்குப் போவதற்குள் வந்தால் போதுமாம். இடது கையால் கிறுக்கியிருந்தாலும் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார், அதையும் கேட்டுவிட்டேன்.

பிறகுதான் உன் அம்மாவிடம் சொன்னேன். "ஊரெல்லாம் சுத்திட்டுக் கடைசியில என்கிட்ட வர்றியா, நீயெல்லாம் ஒரு மனுஷனா" என்று கரண்டியை மேஜையில் எறிந்தாள். அவள் அந்த நாளுக்கென்று பச்சைப் பட்டில் ஒரு கவுன் தைக்கக் கொடுத்திருந்தாள், உனக்குத் தெரியாது. அப்புறம் கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். எங்கே போகிறாள் என்று தெரியாமல் நான் படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். இருட்டுகிற நேரத்துக்குத் திரும்பி வந்து, "தையல்காரிகிட்ட சொல்லிட்டேன், ரொட்டிக்கடையில சொல்லிட்டேன், இந்தக் கட்டடத்துல ஒரு கதவு விடாமத் தட்டிச் சொல்லிட்டேன், மார்ச்சுல எம் பொண்ணு வாசிக்க வரல, வீட்டுக்கு வர்றா, யாரும் மண்டபத்துப் பக்கம் போகாதீங்கன்னு. ஓடோன் மட்டும், அப்ப மீன் சூப்பாவது உண்டான்னு கேட்டான்" என்றாள். சொல்லிவிட்டு முகம் கழுவப் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, நான் கதவைத் தட்டவில்லை.

கர்ஷாய்க்கு உடனே கையெழுத்துப் போட்டு அனுப்பு, எங்களுக்கு ஒரு தந்தி கொடு, கம்பளிக் கையுறை இல்லாமல் வெளியே போகாதே, டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் கேள். கடவுள் உன்னையும் உன் பத்து விரலையும் காப்பாற்றட்டும், அம்மாவின் முத்தங்கள். பிடிவாதமாக நீ வந்து வாசித்தாலும் காலி நாற்காலிகளுக்குத்தான் வாசிக்க வேண்டியிருக்கும். இந்த ஊரில் உன் அம்மா பிரோஷ்காவின் பேச்சை மீறி மண்டபத்துக்கு வரும் துணிச்சல் ஒருவருக்கும் கிடையாது, எனக்கும்தான்.

உன் அப்பா,
டெஜோ