ஒன்பது மணிக்கு வெறுங்காணி

5-3-84, திங்கள்
வெயில் கொளுத்துகிறது. வாங்க: வெண்கட்டி, மண்ணெண்ணெய், சவர்க்காரம்.
பள்ளி விட்டதும் மாநகரசபைக் கந்தோர். சுவரில் நகரத் திட்டப் படம். குருநகரில் எங்கள் வலைத்தரை, ஊர் வலையெல்லாம் காயும் இடம், படத்தில் 'வெறுங்காணி'. பட்டணத்துக் குப்பை முழுவதும் இனி அங்கேதானாம். இஞ்சினியர் (இனி இ.; முழுதாக எழுத மை வீண்) சொல்கிறார்:
"காலமை ஒன்பதுக்குப் போய்ப் பாத்துத்தான் கீறினது. ஒண்டும் இல்லை."
"ஒன்பதுக்கு வலையெல்லாம் கடலிலை, ஐயா. பின்னேரம் வந்து பாருங்கோ."
"பின்னேரம் வேறை வேலை. நாளைக்குக் காலமை வாறன். வலை கிடந்தால் படத்தை மாத்துறன்."
நான் எழும்பும்போது ஒரு சிரிப்பு. "உங்கடை பக்கம் எப்பிடியும் நாத்தம்தானே, ரீச்சர்."
அவர் வீட்டுக் குசினியில் மட்டும் மீன் மணக்குமோ? கேட்காமல் வந்துவிட்டேன். அதுதான் ஆத்திரம்.

6-3, செவ்வாய்
இ. வந்து வலையைக் காணட்டும் என்று ஒரு படகும் போகவில்லை. கோயில் மதிலிலிருந்து கரை வரை வலை. நடுவில் அந்தோனி அண்ணை குந்தியிருந்து கிழிசல் தைத்தார்.
இ. வரவில்லை. ஜீப்புக்கு ரயர் இல்லையாம். நாளை நிச்சயமாம். பொய்யன்.
வெண்கட்டி மறந்தேன்.

7-3, விபூதிப் புதன்
நெற்றியில் சாம்பல். இன்றும் தரையில் வலை. இன்றும் இ. இல்லை.
அண்ணையின் மனைவி மேரி மச்சாள்: "இண்டைக்கு ஒருசந்தி, சாப்பாடு ஒருநேரம்தான் எண்டு பிள்ளையளுக்குச் சொல்லிப்போட்டன். நாளைக்கு என்னத்தைச் சொல்ல?"
விடியக் கடலுக்குப் போகிறார்கள். எல்லாரும். எப்படி மறிப்பேன்? எனக்கு மாதம் முடியச் சம்பளம் வரும். அவர்களுக்கு?

8-3, வியாழன்
லீவு. தரையில் நான் மட்டும்.
சரியாக ஒன்பதுக்கு ஜீப். ரயர் முளைத்துவிட்டது. பின்னால் குப்பையோடு உழவு இயந்திரம்.
"எங்கை ரீச்சர் வலை?"
"கடலிலை. ரெண்டு நாள் பட்டினி கிடந்து உங்களைப் பாத்துக்கொண்டிருந்த சனம்."
"நான் கண்ணாலை கண்டதைத்தானே எழுதலாம்."
எழுதினார். கொட்டினார்கள். சந்தை அழுகல், செத்த நாய், மருந்துப் போத்தல். என் செருப்பு வரை. நகரவில்லை. நின்று என்ன? அழுதேன், கோபத்தில்.
மத்தியானம் படகுகள். தோளில் ஈர வலையோடு அண்ணை:
"எங்கை காயப்போடுறது?"
"இஞ்சினியற்றை வீட்டு மதில் நல்ல நீளம், அண்ணை. வெயிலும் நல்லாப் படும்."
ஒருவரும் சிரிக்கவில்லை. வலைகளைச் சைக்கிளில் கட்டுகிறார்கள். இன்னும் சொட்டுகிறது. வழி எனக்குத்தான் தெரியும். அவர் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த வீடு. செருப்பைக் கழுவவில்லை. போகிறேன்.