மூலையில் மஞ்சள் இல்லாத துணி

அண்ணே,

இன்று காலை என் மகளின் கல்யாணச் சீர்த்தட்டுகளைச் சுற்ற ஜிகினாத் தாள் வந்து இறங்கியது. அதன் சரசரப்பைக் கேட்டதுமே வாரி எடுத்துக் கிழித்தேன். "பைத்தியமா ஒனக்கு?" என்று கத்தினார் என் வீட்டுக்காரர்.

விராலிமலையில் உன் கறவை மாடு செத்தது நினைவிருக்கிறதா? வயிறு ஊதி, காலை உதைத்து உதைத்துச் செத்தது. டாக்டர் வயிற்றைக் கிழித்தபோது சாணியும் ரத்தமுமாகப் பந்து பந்தாய் வந்தது, கல்யாண மண்டபத்துக் குப்பையில் அது தின்ற இதே பளபளத் தாள். "இனி எங்கையால இதத் தொட மாட்டேன்டி" என்றாய்.

சொன்னபடியே நின்றாய். என் மகள் வயதுக்கு வந்த சடங்குக்குத் தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும். "எதுல கட்டியாரது?" என்று போனில் கேட்டாய். நான்தான் சொன்னேன்: "வெள்ளத் துணியில முடிஞ்சு வாண்ணே, பெறகு பொழங்கிக்கலாம்." புதுத்துணியின் மூலையில் மஞ்சள் தடவச் சொல்ல மறந்தேன். அதையெல்லாம் பார்த்துச் செய்ய உன் வீட்டில் அண்ணியும் இல்லை.

அறந்தாங்கி மண்டபத்துக்குள் வெள்ளை மூட்டைத் தட்டுகளோடு நுழைந்தாய். மேளம் நின்றது. "பொணத்துக்குப் போடுற கோடியக் கொண்டாந்திருக்கான்! எம்பேத்தி என்ன செத்தா போயிட்டா?" என்று அலறினார் என் மாமனார். உன் மச்சான், என் வீட்டுக்காரர், முதல் தட்டை எட்டி உதைத்தார். வளையல்கள் நொறுங்கின. அடுத்த உதை உன் விலாவில். என் கொழுந்தன் பித்தளைச் செம்பால் உன் வாயிலேயே அடித்தான். முன்பல் தெறித்து மாம்பழங்களுக்கு நடுவே விழுந்தது.

"எவன்டா ஒனக்கு இந்த யோசனையச் சொன்னது?" என்று கத்தினார் உன் மச்சான்.

நான் என்று சொல்லியிருக்க வேண்டும். பயந்து நின்றேன். நீ என்னைப் பார்த்தாய். ரத்தத்தைத் துப்பி, அவிழ்ந்து கிடந்த வெள்ளைத் துணியில் வாயைத் துடைத்துவிட்டு, "நானாத்தான் கட்டியாந்தேன்" என்றாய்.

அதன்பிறகு நீ என் வாசலை மிதிக்கவில்லை. நீ செத்தபோது மச்சான் முறைக்கு அவர்தான் உனக்குக் கோடி போட்டார், கடைக்காரன் தந்த பிளாஸ்டிக் கவரைப் பிரித்து. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

இன்று திறந்தேன். "அன்னைக்கி வெள்ளத் துணியில கட்டச் சொன்னவ நான். அடிக்கிறதுன்னா என்னையில்ல அடிச்சிருக்கணும்?" அவர் கையை ஓங்கினார். நான் நகரவில்லை. ஓங்கிய கை மெல்ல இறங்கியது.

அன்று நீ வாயைத் துடைத்த துணி இத்தனை காலமும் என் பீரோவில்தான் இருந்தது. அதை எடுத்து, மூலையில் மஞ்சள் தடவி, முதல் தட்டை அதில் முடிந்து வைத்திருக்கிறேன். தாய்மாமன் தட்டுதானே முன்னால் போக வேண்டும். உன் ரத்தக்கறை மேலே தெரிகிறது. நான் அதை மறைக்கவில்லை, அண்ணே.